கண் திறந்த மயக்கம்

நடுவட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மெட்டில்டா சிஸ்டர் இருபது வருஷம் வேலை பார்த்தார். எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குக் கெட்டமைன் என்ற மயக்க ஊசி போடுவது அவர்தான். "கண்ணு தொறந்தேதான் இருக்கும், வலி மட்டும் தெரியாதுங்க" என்பார். அதை நம்பித்தான் கொழுந்து பறிக்கும் பெண்கள் கையை நீட்டினார்கள்.

மகள் இறந்த பிறகு குப்பியில் மிஞ்சியதைத் தனக்கே போட்டுக்கொள்ளத் தொடங்கினார். அது போதாமல் போனபோது, புதுக் குப்பிகளிலிருந்தே எடுத்து, எடுத்த மருந்துக்குப் பதிலாகச் சலைன் என்ற உப்புநீரை ஏற்றி வைத்தார். அவரைச் சந்தேகப்பட எங்களில் ஒருவருக்கும் துப்பில்லை. கம்பவுண்டரான எனக்கும்தான்.

ஒரு மழைநாளில், சரிவில் விழுந்து தோள்மூட்டு விலகிய ராக்கம்மாவைத் தூக்கி வந்தார்கள். மெட்டில்டா ஊசி போட்டார். ராக்கம்மா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். வழக்கம்தானே என்று டாக்டர் கையைப் பிடித்து இழுத்தார். அவள் போட்ட அலறலில் வராந்தாவில் நின்றவர்களெல்லாம் உள்ளே ஓடிவந்தார்கள்.

"ஏனுங்க சிஸ்டர், வலி தெரியாதுன்னீங்களே!" என்று ராக்கம்மா கதறினாள்.

டாக்டர் குப்பியைப் பார்த்தார். நான் மெட்டில்டாவைப் பார்த்தேன். அவர் கண் திறந்தேதான் இருந்தது.