நாரந்தனையில் பாதியில் இறக்கிய பொங்கற்பானை

தைப்பொங்கலைத் தீவுப்பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில் பார்க்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். நான் திருகோணமலைக்காரி. வேலை கொழும்பில். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் பொங்கல் என்றால் பிரஷர் குக்கர்தான். அது பொங்குவதில்லை, விசில் அடிக்கும், அவ்வளவுதான். இந்த வருடம் பொங்கல் விடுமுறையோடு இரண்டு நாள் லீவும் கிடைத்தது. ரொறன்ரோவில் இருக்கும் என் பல்கலைக்கழகத் தோழி சுதாவிடம் சொன்னேன். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் நாரந்தனையில் அவளுடைய பெரியப்பாவின் மகன் பரமேஸ் அண்ணை இருக்கிறார். அவருடைய வீட்டில் நான் தங்குவதற்கு அவளே ஒழுங்கு செய்து தந்தாள்.

பஸ்ஸில் இடம் பதிந்த பிறகு சுதாவின் அப்பாவுக்கு வருத்தம் கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பயணத்தை விட்டுவிடவா என்று கேட்டேன். அவள் சம்மதிக்கவில்லை. அது அப்பா பிறந்து வளர்ந்த வீடு வளவு, யாராவது போய் நிற்பது நல்லது என்றாள்.

வெள்ளவத்தையில் இரவு ஒன்பது மணிக்கு ஏறினால் காலை ஆறு மணிக்குள் யாழ்ப்பாணம் வந்துவிடலாம். அங்கிருந்து ஊர்காவற்றுறைக்கு இரண்டு வழி. ஒன்று பண்ணைப் பாலத்தால் அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி நேரே பஸ்ஸில் போவது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறையும். மற்றது காரைநகருக்குப் போய்க் கடலைக் கடப்பது. நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். பொன்னாலைப் பாலத்தில் பஸ் போகும்போது இரு பக்கமும் தண்ணீர், அதில் கால் நனைத்து நிற்கும் பறவைகள். பொங்கலுக்கு முதல் நாள் என்பதால் பஸ்ஸுக்குள் கரும்புக் கட்டுகள் நின்றன; மனிதர்களுக்கு நிற்கத்தான் இடமில்லை. டிக்கெட் நூற்றிருபது ரூபாய்.

காரைநகர்த் துறையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுபோகும் தட்டையான இரும்புப் படகை இங்கே 'பாதை' என்கிறார்கள். 'பாதை எத்தனை மணிக்கு?' என்று யாராவது கேட்டால் திகைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள், ஆடு, அரிசி மூட்டை எல்லாம் ஏறும். பத்து நிமிடப் பயணம். என்னிடம் காசு வாங்கவில்லை. நடுக்கடலில் நிற்கும் பழைய கோட்டையைப் படம் எடுக்க வேண்டுமானால் இடது வலது என்று யோசிக்காமல் முன்னால் போய் நில்லுங்கள்.

ஊர்காவற்றுறைத் துறையில் ஓட்டோ பிடித்தேன். நாரந்தனைக்கு அறுநூறு ரூபாய். பரமேஸ் அண்ணையின் பெயரைச் சொன்னதும் ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, இந்த முறையாவது அவர்கள் பொங்குவார்களோ என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். போன தைக்கும் அந்த வீட்டில் துடக்கு, அதற்கு முந்தின தைக்கும் துடக்கு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தகப்பன் வழிச் சொந்தத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வரைக்கும் அந்த வழியினர் கோயிலுக்குப் போவதில்லை, பண்டிகை செய்வதில்லை. அதுதான் துடக்கு. இறந்தவர் பக்கத்து வீட்டில் இருந்தாலும் ஒஸ்லோவில் இருந்தாலும் ஒன்றுதான். பரமேஸ் அண்ணையின் சொந்தம் பெரிது. அதில் வயதானவர்கள் எல்லாரும் குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில்தான் அங்கே குளிர் கடுமை.

பரமேஸ் அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். அவருடைய மனைவி தவம் அக்கா இருவருக்கும் சேர்த்துப் பேசுவார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய நெல்வயல். போன வருடம் கதிர் வந்த நேரத்தில் மழை கொட்டி எல்லாம் அழுகிப்போனதாம். இந்த வருடம் நல்ல விளைச்சல். முழுதாக வெட்ட இன்னும் இரண்டு கிழமை இருந்தாலும், முன்னதாக முற்றிய மூலையில் கொஞ்சம் வெட்டிக் காயவிட்டு உரலில் குத்தி, பொங்கலுக்கென்று ஒரு சுளகில் வைத்திருந்தார்கள். தவம் அக்கா அதை எனக்கு இரண்டு தரம் காட்டினார். கல் பொறுக்கியது தான்தான் என்று அண்ணையும் மெதுவாகச் சொன்னார்.

பின்னேரம் முழுவதும் வேலை. முற்றத்தில் ஒரு சதுரத்தைச் சாணத்தால் மெழுகினோம். உலக்கையைக் கிடத்தி அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவி நேர்கோடுகள் போட்டோம். என் கோடு மட்டும் வளைந்தது. அக்கா காலால் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். இடையில் பரமேஸ் அண்ணை தன் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னார். அதாவது சுதாவின் அப்பா. அண்ணைக்கு ஒன்பது வயதில் தகப்பன் கடலில் போய்விட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் அனுப்பியது, வயல் பழக்கியது, கலியாணம் பேசி முடித்தது எல்லாம் சித்தப்பா. அவர் கனடா போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கோல் எடுத்து வயலைத்தான் முதலில் விசாரிப்பாராம்.

விளக்கு வைத்த பிறகு தவம் அக்கா ஒரு காரியம் செய்தார். தன் போனையும் அண்ணையின் போனையும் நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்; ஆனால் கேள்விப்படாதவரைக்கும் துடக்கு இல்லை என்பது அவருடைய கணக்கு. அண்ணை வெளியே போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

"உங்கடை போனை நான் கேக்கேல்லை. நீங்கள் வந்த ஆள்," என்றார்.

நானே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சுதா அந்தப் பக்கம் தகப்பனோடு இருக்கிறாள் என்ற நினைப்பில் எனக்கு மனம் வரவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தேன்.

பொங்கலன்று ஐந்து மணிக்கு எழுந்து கிணற்றில் தலை முழுகினோம். மூன்று கல் வைத்த அடுப்பு, புதுப் பானை, அதன் கழுத்தில் இஞ்சி இலையும் மஞ்சள் இலையும். இரு பக்கமும் கரும்பு, முன்னால் மாவிலையும் தேங்காயும் வைத்த நிறைகுடம். பரமேஸ் அண்ணை பூசைக்கென்று வேட்டிக்கு மேல் சால்வையை இடுப்பில் கட்டி, தேங்காய் உடைத்து, அடுப்பு மூட்டி, பாலும் தண்ணீரும் விட்ட பானையை ஏற்றினார். பால் பொங்கி வழிந்ததும் வீட்டுத் தலைவர் மூன்று தரம் இரு கையாலும் அரிசி அள்ளிப் போடுவார். அதற்காக அரிசியைக் களைந்து பக்கத்தில் வைத்திருந்தார். பக்கத்து வளவுகளில் சீனவெடி கேட்கத் தொடங்கியது. கிழக்கே பனைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

பானையின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கிய நேரம் என் கையில் போன் அதிர்ந்தது. சுதா. கனடாவில் அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். கிணற்றடிக்குப் போய் எடுத்தேன்.

அப்பா போய்விட்டார் என்றாள். அழவில்லை. அண்ணையின் போன் வேலை செய்யவில்லை, அவரோடு கதைக்க வேண்டும், கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன்.

கிணற்றடியிலிருந்து முற்றம் நன்றாகத் தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம் போதும், பால் பொங்கிவிடும். அண்ணை குந்தியிருந்து காய்ந்த தென்னம்பாளையை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா அகப்பையோடு நின்று பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பனை இழந்தவளை ஐந்து நிமிடம் லைனில் வைத்திருப்பதா, மூன்று வருடமாகக் காத்திருந்தவர்களின் அடுப்பை அணைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் எனக்குரிய முடிவாகத் தோன்றவில்லை. நான் தவம் அக்காவிடம் போய், சுதா லைனில் நிற்கிறாள் என்று மட்டும் காதோடு சொன்னேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பானையைப் பார்த்தார். நுரை கழுத்துக்கு வந்திருந்தது.

"அவரிட்டைக் குடுங்கோ," என்றார்.

பரமேஸ் அண்ணை போனை வாங்கி எழுந்து நின்றார். முதலில் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு இடுப்பில் கட்டிய சால்வையை ஒரு கையால் அவிழ்த்துத் தோளில் போட்டார். அதைக் கண்டதும் அக்கா குனிந்து, எரிந்துகொண்டிருந்த பாளைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். பால் தணிந்தது. பானையைத் துணியால் பிடித்துக் கீழே இறக்கினார். சுதா அந்தப் பக்கம் தான் பொங்கலைக் குழப்பிவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"நீ சொல்லாமல் விட்டிருந்தாத்தான் பிழை பிள்ளை," என்றார் அண்ணை. "எனக்குத் தெரியாமல் அவர் போகேலாது."

அதற்குப் பிறகு கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து அழுதார். அக்கா பக்கத்தில் போய் நின்றார். போனைப் பூட்டியதற்கு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவரும் கேட்கச் சொல்லவில்லை. என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வீதியோரப் படலையடிக்குப் போனேன்.

எதிர் வீட்டில் ஜெசிந்தா ரீச்சர் இருக்கிறார். கத்தோலிக்கர், ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய முற்றத்திலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் பலர் பொங்குகிறார்கள். இவர்கள் முற்றத்தில் புகை நின்றதைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு நேரே இவர்கள் வளவுக்குள் வந்தார். அண்ணையின் தோளைத் தொட்டு இரண்டு வார்த்தை பேசினார். பிறகு களைந்து வைத்த அரிசியைப் பார்த்தார்.

"தவம், உது புதுசெல்லோ? எங்கடை பானையிலை இன்னும் அரிசி போடேல்லை. தாரும்," என்றார்.

அக்கா தயங்கினார். தாங்கள் தொட்ட அரிசி, துடக்கு என்றார்.

"தொட்டது கேள்விப்பட முதல்தானே. எங்களுக்கு உந்தத் துடக்கும் இல்லை."

அக்காவின் கணக்கையே ரீச்சர் அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அரிசியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ரீச்சரின் பானையில் பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அவர் தன் அரிசியைப் போட முன் இவர்களுடைய அரிசியை மூன்று தரம் அள்ளிப் போட்டார். பரமேஸ் அண்ணை தன் படலைக்குள் நின்று பார்த்தார். வீதிக்கு இறங்கவில்லை.

துடக்கு வீட்டுக்கு அயலவர் சாப்பாடு கொடுப்பது இங்கே வழக்கம். அந்த வழக்கப்படி பொங்கல் வாழையிலையில் வந்தது. பயறும் சர்க்கரையும் கஜுவும் போட்ட பொங்கல். குத்தரிசியின் மணம் தனியாகத் தெரிந்தது. அண்ணை ஒரு பிடி எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுச் சாப்பிட்டார். நல்லாய் விளைஞ்சிருக்கு என்றார்.

அடுத்த நாள் மாட்டுப் பொங்கல். இவர்களுடைய பசுவைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போட்டதும் ரீச்சர் வீட்டார்தான். நான் திட்டமிட்டபடி நயினாதீவுக் கோயிலுக்குப் போனேன். அண்ணையும் வருவதாக இருந்தது. துடக்கோடு கோயிலுக்குள் போக முடியாது என்பதால் குறிகட்டுவான் துறைவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து படகில் இருபது நிமிடம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பொங்கலை எந்தப் பொது இடத்திலும் போய்ப் பார்க்க முடியாது, அது வீடு வீடாக நடப்பது. தெரிந்தவர் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் தீவுக்குள் இருக்கப் பாருங்கள். பொங்கலன்று பஸ் குறைவு, கடைகள் பூட்டு. தை மாதத்தில் காற்று எழும்பினால் பாதையும் நயினாதீவுப் படகும் நிற்கலாம், தரை வழியை மனதில் வைத்திருங்கள். கையில் சில்லறைக் காசு கொண்டுபோங்கள். முக்கியமாக, நீங்கள் போகும் வீட்டில் அன்று பொங்கல் நடக்காமலும் போகலாம். அப்படி நடந்தால் உடனே பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீடு தேடாதீர்கள். தேங்காய் துருவவும் பாத்திரம் கழுவவும் அன்றைக்கு ஆள் தேவைப்படும்.

கொழும்புக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்து, மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் தவம் அக்கா கோல் எடுத்தார். முப்பத்தொன்று முடிந்து வீடு கழுவியாயிற்றாம். வயல் வெட்டி நெல் வீட்டுக்கு வந்துவிட்டதாம். அன்று காலை முற்றம் மெழுகி, கோலம் போட்டு, அண்ணை அரிசி போட, பொங்கினார்களாம். ரீச்சரும் சுதாவும் போனில் பார்த்தார்களாம். ரீச்சர் எதிர் வீட்டிலிருந்துகொண்டே. மாசியில் யாராவது பொங்குவார்களா என்று நான் கேட்டேன்.

"ஊரிலையும் அப்பிடித்தான் கேட்டவை," என்றார் அக்கா. "மாசியிலையும் சூரியன் அந்தப் பக்கத்தாலைதானே வருகுது எண்டு சொல்லிப்போட்டன்."