நீல வயர்

அந்தப் பழைய படகு மோட்டாரை நானும் அண்ணனும் கொல்லத்தில் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கினோம். படகின் பின்பலகையில் மாட்டும் வகை. எங்கள் இருவரையும்விட அதற்கு வயது அதிகம். மற்ற மோட்டார்களில் கியர் மாற்ற ஒரு நெம்புகோல் இருக்கும். இதில் பொத்தான்கள். அமுக்கினால் அடியில் கியர் பெட்டிக்குள் இருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள் ஒன்று காந்தமாகிக் கியரைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் போக ஒரு காயில், அதற்குப் பச்சை வயர். பின்னால் வர இன்னொன்று, அதற்கு நீல வயர்.

தென்காசியில் ஒரு பாலிடெக்னிக்கில் நான் எலக்ட்ரிகல் பாடம் நடத்துகிறேன். அண்ணன் குற்றாலத்தில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறான். இளமையில் கொல்லத்தில் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவன். பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு எலக்ட்ரிகல் என்று வீட்டில் எல்லோரும் மறித்தபோது எனக்காக அப்பாவிடம் நின்று பேசியவன் அவன் ஒருவன்தான். மோட்டாரைச் சரிசெய்து, கொல்லத்துக் காயலில் ஒரு மரப்படகில் மாட்டி, விடுமுறைகளில் ஓட்டுவது என்று பேசிவைத்திருந்தோம்.

லாட்ஜுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி முதன்முதலாக ஓட்டியபோது இரண்டு கியரும் விழுந்தன. டிரம்மிலிருந்து தெறித்த தண்ணீரில் நாங்கள் இருவரும் தொப்பலாக நனைந்து சிரித்தோம். அடுத்த வாரம் போனால் பின்கியர் விழவில்லை.

அது சீசன் நேரம். சாரலில் ஈரத்துண்டும் எண்ணெய் வாடையுமாக லாட்ஜ் நிரம்பி வழிந்தது. ஆனாலும் கல்லூரி முடிந்து நான் ஸ்கூட்டியில் போய் இறங்கியதும் அண்ணன் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்துவிடுவான். பேட்டரியைப் பார்த்தேன். பியூஸைப் பார்த்தேன். பொத்தான்களைக் கழற்றி, உள்ளே முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். எர்த் வயரை மாற்றினேன். நான் மோட்டாருக்குள் தலையை நுழைத்திருக்கும்போதெல்லாம் அண்ணன் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பான். கேட்கவே வேண்டாம், என் கை போகிற இடத்துக்கு வெளிச்சம் வந்துவிடும்.

பிறகு பொத்தானை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து நேராகப் பச்சை வயருக்குக் கொடுத்தேன். அடியில் ‘டக்’ என்று கேட்டது. நீல வயருக்குக் கொடுத்தேன். சத்தமே இல்லை. மீட்டரை வைத்தால் பச்சையில் காயிலின் அளவு காட்டியது. நீலத்தில் ஒன்றும் காட்டவில்லை. எங்கோ கீழே அறுந்திருக்கிறது.

“அடிப்பாகத்த எறக்கிப் பாத்துருவோம்ண்ணே” என்றேன்.

“ஏட்டி, அந்த போல்ட்டத் தொடாத. துருப்புடிச்சுக் கெடக்கு. முறிஞ்சிச்சுன்னா மோட்டாரே போச்சு” என்றான். “காயில்தான் போயிருக்கும். இனி இதுக்கு எங்க காயில் கெடைக்கும்? நீயும் காலேஜு, வீடுன்னு அலையுத. விட்ருவோம்ட்டி.”

மதினி டீயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். சீசன் அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு விட மனமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் செங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். நான் கொட்டகையில் தனியாக இருந்தேன். முறிந்தால் முறியட்டும் என்று ஸ்பானரைப் போட்டேன். போல்ட் வெண்ணெய் மாதிரி கழன்று வந்தது. மரையில் புதுக் கிரீஸ். நாலும் அப்படியே.

அடிப்பாகத்தை இறக்கியதும் வயர்கள் வெளியே வந்தன. காயிலில் நேராக மீட்டரை வைத்தேன். நன்றாக இருந்தது. நீல வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பாதியில் ஓர் இடத்தில் மட்டும் மேலே தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. பிளேடால் கீறினேன். உள்ளே வயர் இரண்டு துண்டாக இருந்தது. தானாக அறுந்த வயர் பிசிறு பிசிறாக இருக்கும், செம்பு கறுத்துப் போயிருக்கும். இது கட்டரால் வெட்டிய வெட்டு. செம்பு பளபளவென்று மின்னிற்று. உறையும் என் கருவிப் பெட்டியில் இருந்த உறைதான்.

முதலில் கோபம் வரவில்லை. அத்தனை சாயங்காலமும் அவன் டார்ச் பிடித்து நின்றதுதான் நினைவுக்கு வந்தது. எங்கே வெட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே, வேறு வேறு இடங்களில் நான் தேடுவதற்கு வெளிச்சம் காட்டியிருக்கிறான்.

வெட்டிய இடத்தைக் கொஞ்சம் நறுக்கி எடுத்துவிட்டு, புது வயர் சேர்த்துப் பற்றவைத்து, எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். அண்ணன் பட்டு வேட்டியோடு கொட்டகைக்குள் வந்தபோது மோட்டாரை ஓடவிட்டுப் பின்கியர் பொத்தானை அமுக்கினேன். கியர் விழுந்தது. டிரம்மில் தண்ணீர் எதிர்ப்பக்கமாகப் புரண்டது.

“அட! சரியாயிட்டா?” என்றான். அந்த ஆச்சரியம்கூட நிஜம் மாதிரியே இருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, வெட்டி எடுத்த நீலத் துண்டை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் அதைப் புரட்டிப் பார்த்தான்.

“லாட்ஜில தங்குனவரு ஒருத்தரு. மலைக்கு அந்தப் பக்கம் ரிசார்ட் கெட்டுதாரு. இத வாசல் ஹால்ல காட்சிக்கு வைக்க வெலைக்குக் கேட்டாரு. நானும் சரின்னுட்டேன். ஓடுற மோட்டார நீ விடமாட்டன்னு தெரியும். ஓடலன்னா நீயே அலுத்துப்போயி குடுத்துருவன்னு நெனச்சேன்.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா அண்ணே.”

“கேட்டா வேண்டாம்னுருவ.”

“மதினிக்குத் தெரியுமா?”

அவன் லாட்ஜுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று எனக்கும் தெரியாது. ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள் என்றுகூட என்னை அவன் நினைக்கவில்லை.

“எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்றேன். அதன் பிறகு அதைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை.

ரிசார்ட்காரர் வண்டி கொண்டுவந்த அன்று நானும் போயிருந்தேன். இரண்டு கியரும் நன்றாக விழுகின்றன என்று அவரிடம் சொன்னேன். “ஓட்டப்போறது இல்ல மேடம். சும்மா பெயின்ட் அடிச்சு நிறுத்தி வைக்கத்தான்” என்றார். அண்ணன் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

நாங்கள் பேசாமல் இல்லை. பொங்கலுக்குப் போனேன், சாப்பிட்டேன். போன மாதம் அண்ணன் போன் செய்து, மதினிக்குக் காய்ச்சல், தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருகிறேன், துணைக்கு வா என்றான். சரி என்று வைத்துவிட்டு, அடுத்த நொடி மதினிக்குப் போன் போட்டு நிஜமாகவே காய்ச்சலா என்று கேட்டேன். நிஜம்தான். குரலே எழும்பாமல், “ஆமா” என்றாள் அவள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணன் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கிற தங்கச்சியாக என்னை ஆக்கிவிட்டானே என்று, அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து கோபமும் வந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.