தொலைக்காட்சி நின்ற வீடு

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் சாவு விழுந்தால் முதலில் தொலைக்காட்சியை நிறுத்துவோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அது ஊமையாகவே இருக்கும். ஊரில் என் அப்பா இறந்தபோது, இங்கே டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். மகளுக்கு அப்போது நாலு வயது. கார்ட்டூன் கேட்டு அழுதவளிடம் அம்மப்பாவின் சாவை விளக்க எனக்குத் தெம்பில்லை. தொலைக்காட்சி பழுது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஊரில் போர் முடிந்த வருடத்தில் அவளுக்குப் பதினாலு வயது. என் தம்பியின் கடைசி அழைப்பு தை மாதத்தில் வந்தது. அவன், அவன் மனைவி, இரண்டு பையன்கள், நாலு பேரும் வன்னியில் இருந்தார்கள். இடம் மாறப் போகிறோம், பிறகு எடுக்கிறேன் என்றான். எடுக்கவில்லை. மாசி போனது, பங்குனி போனது. என் கணவர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தமிழ்ச் செய்திகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு படத்திலும் தம்பியின் முகத்தைத் தேடுவார். அவர் தேடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் ரிமோட்டைப் பறித்துவிட்டேன்.

"இனி நான் வீட்டிலை நிக்கேக்கை இந்தச் செய்தி வேண்டாம்," என்றேன்.

"அப்ப நிப்பாட்டவோ?"

"நிப்பாட்டவும் கூடாது."

அவருக்கு உடனே விளங்கியது. நிறுத்தினால், தம்பி செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே அது ஓட வேண்டும், ஆனால் அதில் எங்கள் ஆட்கள் யாரும் வரக் கூடாது. அப்படிப் பார்த்தால் மிச்சம் இருந்தது இங்கிலாந்துக்காரரின் நிகழ்ச்சிகள்தான். இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அதற்குப் பஞ்சமே இல்லை. குரலை மாற்றாமல் கீழே டெனிஷில் எழுத்துப் போட்டு, காலையிலும் பின்னேரத்திலும் காட்டிக்கொண்டே இருப்பார்கள். வந்த புதிதில் நான் டெனிஷ் படித்ததே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் காதுக்கு, டெனிஷ் கண்ணுக்கு. மொழிப் பாடசாலையில் ஒரு வருடம் ஏறாதது, ஒரு பாதிரியாரும் அவருடைய வாயாடி வேலைக்காரியும் வந்த நகைச்சுவைத் தொடரில் மூன்று மாதத்தில் ஏறியது.

அந்த வசந்தத்தில் நான் பார்க்காதது ஒன்றுமில்லை. நான் முதியோர் இல்லத்தில் காலை வேலை செய்தேன். மூன்றரைக்கு வீடு வந்து சேர்ந்தால் பெரிய மாளிகையில் மணி அடிக்கும், கீழ்த்தட்டில் பதினைந்து வேலைக்காரர் எழுந்து ஓடுவார்கள். அது முடிய, ஒரு பெண்ணின் காடுபிடித்த கொல்லையை மூன்று நாளில் பூந்தோட்டமாக்கிக் காட்டுவார்கள், அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். பிறகு விலங்குகள். மெல்லக் கதைக்கும் ஒரு குரல், பனியில் நின்று முட்டையைக் காலால் அணைக்கும் பறவையைப் பற்றி நாற்பது நிமிடம் சொல்லும். நீதிமன்ற நாடகங்களில் தலையில் வெள்ளை மயிர்த் தொப்பி வைத்தவர்கள் மரியாதையாகச் சண்டை பிடிப்பார்கள். பழைய சாமான்களை மேசையில் பரப்பி, இது உங்கள் பூட்டியின் கோப்பையா என்று விசாரிக்கும் நிகழ்ச்சியைக்கூட நான் விடவில்லை.

வைகாசி, அதாவது மே மாதத் தொடக்கத்தில் கறுப்பு வெள்ளைப் போர்ப் படங்கள் வந்தன. அது இங்கே ஒவ்வொரு வருடமும் நடப்பது. உலகப் போரில் ஜெர்மன்காரர் இந்த நாட்டை விட்டுப் போன நாளை நினைத்து, நாலாம் தேதி சாயங்காலம் ஜன்னல்களில் மெழுகுதிரி வைப்பார்கள். முதியோர் இல்லத்தில் நானும் ஜன்னல் ஜன்னலாக வைத்துக்கொண்டு போனேன். இவர்களின் போர் முடிந்து மெழுகுதிரியாகிவிட்டது, எங்களுடையது எப்போது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு கிழமையில் எங்களுடையதும் முடிந்தது. ஒருவரும் மெழுகுதிரி வைக்கவில்லை.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமைக் கொலைதான். அழகான சின்னக் கிராமம், ஓட்டு வீடுகள், ரோசாப்பூ, கிழமைக்கு இரண்டு பிணம். அப்படியிருந்தும் அங்கே வீடு வாங்கி வந்து குடியேறுகிறவர்கள் குறையவில்லை. துப்பறிகிறவர் ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் குடித்து, ஒவ்வொருவரிடமும் அன்றைக்கு எங்கே நின்றாய் என்று கேட்பார். கடைசிப் பத்து நிமிடத்தில் கொலைகாரன் பிடிபடுவான். எனக்கு அது பெரிய ஆறுதல். என் கணவர் மட்டும் ஒரு நாள் மெல்லச் சொன்னார்.

"ஒருத்தன் செத்ததுக்கு எத்தினை பேர் வந்து நிக்கிறாங்கள் பார்."

அன்றைக்குக் கொலைகாரன் யாரென்றுகூட எனக்கு இப்போது ஞாபகமில்லை.

எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டு அக்காவின் தங்கையும் வன்னியில்தான் அகப்பட்டிருந்தாள், அவளைப் பற்றியும் ஒரு தகவலும் இல்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து சாமிப் பாட்டுக்கூடக் கேட்காது, அத்தனை அமைதி. போர் முடிந்து இரண்டு கிழமையில் அந்த அக்கா கோயிலில் நாலு பேருக்கு முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் பிள்ளை, இந்த நேரத்திலையும் உன்ர வீட்டிலை ஒரே இங்கிலீசுச் சத்தம். சனம் என்ன நினைக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சனம் நினைக்கிறதை நினைக்கட்டும் அக்கா," என்று சொல்லிவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு அவருடன் கதைக்கவில்லை. அவர் பாவம், வழக்கம்போலப் புட்டு அவித்த நாட்களில் எங்களுக்கும் ஒரு பங்கை வாசலில் வைத்துவிட்டுப் போவார். நான் சாப்பிட்டேன், ஆனால் கதைக்கவில்லை.

ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. கிராமத்தில் மூன்றாவது பிணம் விழுந்துவிட்டது. துப்பறிகிறவர் எல்லோரையும் வரவேற்பறைக்குக் கூப்பிட்டு, தோட்டக்காரன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். படக்கென்று ஒரு சத்தம். திரை கறுத்துவிட்டது. என் கணவர் பின்னால் போய்த் தட்டினார், கம்பிகளைப் பிடுங்கிச் செருகினார். மகள் வேறு இடத்தில் சொருகிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே பின்னேர வெயில் எறித்துக்கொண்டிருந்தது, வீட்டுக்குள் அப்படி ஓர் அமைதி. ஐந்து மாதம் அடக்கி வைத்தது எல்லாம் அப்போதுதான் எனக்கு வந்தது. நாங்கள் நிறுத்தவில்லை, அது தானாக நின்றுவிட்டதே என்று வாய்விட்டு அழுதேன். எலக்ட்ரிக் சாமான் எண்டால் பழுதாகும்தானே என்று அவர் சொல்லச் சொல்ல அழுதேன்.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போய்விட்டோம். மூன்றரைக்குச் சைக்கிளில் திரும்பினேன். எங்கள் தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்த கார்கள். வீட்டுக்கு முன்னால் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் முப்பது சோடிச் சப்பாத்து. உள்ளே தளபாடங்களை ஓரத்துக்குத் தள்ளி, நிலத்தில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தம்பியின் கலியாணப் படம் சுவரிலிருந்து இறங்கி ஒரு கதிரையில் இருந்தது. அதற்கு முன்னால் விளக்கு எரிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "என்ர குஞ்சு, வேலைக்கே போட்டு வாறாய்?" என்று கதறினார். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. வேலை நேரத்தில் என் தொலைபேசி அலமாரிக்குள் இருக்கும், செய்தி என் கணவருக்குப் போயிருக்கிறது, என்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான் அந்தப் படத்துக்கு முன்னால் விழுந்தேன். என்ன சொல்லி அழுதேன் என்று தெரியாது. அவன் சின்ன வயதில் என் பாடக் கொப்பியைக் கிழித்ததற்கு நான் அடித்த அடியைச் சொல்லி அழுததாகப் பிறகு அக்கா சொன்னார்.

கால் மணித்தியாலத்தில் கணவர் வந்தார். கார்களையும் விளக்கையும் என்னையும் பார்த்தவர் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப செய்தி வந்தது?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்குத்தானே வந்தது?" என்றேன் நான்.

"எனக்கோ? எனக்கு ஒருத்தரும் எடுக்கேல்லை."

அழுகை ஒவ்வொரு மூலையாக நின்றது. எல்லோரும் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"நேற்றுப் பின்னேரம் உங்கட டிவி நிண்டுது," என்றார் மெல்ல. "அதோடை இவள் குழறினது சுவருக்கு இஞ்சாலை கேட்டுது. இண்டைக்கு மத்தியானம் வேலையாலை வந்து பாத்தால் திரைச்சீலையும் இழுத்துக் கிடக்குது. தட்டினன், ஆளில்லை. நீங்கள் தந்து வைச்ச திறப்பாலை நான்தான் திறந்து…"

அந்த நேரம் பார்த்து மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், அக்கா சொன்னதைக் கேட்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி டெனிஷில் சொன்னாள், தொலைக்காட்சி பழுது, அவ்வளவுதான். பத்து வருடத்துக்கு முந்திய என் பொய் அந்த முறை உண்மையாக இருந்தது. என் கணவர் கதவடியில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழும்பினேன்.

எழும்பும்போது தொலைபேசி அடித்தது. லண்டனில் இருக்கும் என் பெரியப்பாவின் மகன்.

"ஆரடி உனக்குச் சொன்னது தம்பி செத்திட்டான் எண்டு?" என்று கத்தினார்.

அக்காவின் செய்தி அதற்குள் லண்டனுக்குப் போயிருக்கிறது. எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டாலும் விடலாம், சாவுக்குக் கோபக்காரருக்கும் சொல்லியாக வேண்டும். தம்பியின் கலியாணத்தில் வந்த சண்டையால், அவன் மனைவியின் மாமியோடு எங்கள் பக்கத்தில் ஒருவரும் எட்டு வருடமாகக் கதையில்லை. அந்த மாமி வவுனியாவில் இருந்தார். அண்ணை பழைய கொப்பியைக் கிண்டி நம்பர் தேடி, அழுதழுது அவருக்குச் செய்தி சொன்னாராம்.

"அந்த மனிசி என்னை ஏசினது இருக்கே," என்றார் அண்ணை. "விசரோ உங்களுக்கு, முந்தநாள் முகாமுக்குப் போய்க் கம்பி வேலிக்கு இஞ்சாலை நிண்டு அவனோடை கதைச்சனான், அரிசிமா குடுத்தனான் எண்டுது. நாலு பேரும் இருக்கினம். மூத்தவனுக்குக் காலிலை காயம், நடக்கிறானாம். கேக்குதோ? நாலு பேரும்!"

கேட்டது. மாமிக்கு வெளிநாட்டில் ஒருவருடைய நம்பரும் தெரியாது. எங்கள் நம்பர் எழுதிய கொப்பியைத் தம்பி ஓடிய வழியில் தொலைத்துவிட்டான். யாராவது எடுப்பார்கள் என்று அந்த மனிசி மூன்று கிழமையாகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. எங்கள் கோபத்தை விட்டு நாங்கள் ஒருக்கால் எடுத்திருந்தால் மூன்று கிழமைக்கு முன்பே தெரிந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கப்பட நேரம் இல்லை. விளக்கை ஊதி அணைத்தேன். படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன், உடம்பில் ஒரு பாரமும் இல்லை.

செத்தவீட்டுக்கென்று சமைத்துக் கொண்டுவந்த சோற்றையும் பருப்பையும் வந்தவர்கள் சுற்றியிருந்து சாப்பிட்டார்கள். யாரோ பீட்சாவுக்கும் சொன்னார்கள். அக்கா மட்டும் குசினியில் தனியே நின்று கோப்பை கழுவினார். நான் உள்ளே போனேன். ஏசுவதற்கு எடுத்து வைத்ததில் ஒரு சொல்லும் மிச்சம் இருக்கவில்லை.

"தோட்டக்காரன் இல்லை," என்றார் அவர் திரும்பாமலே. "டொக்டர்தான்."

"என்ன அக்கா?"

"நேற்றையான் கொலை. நீங்கள் கடைசியைப் பாக்கேல்லையெல்லோ."

"நீங்களும் பாக்கிறனீங்களோ?"

"ஓம். சத்தத்தை முழுக்கக் குறைச்சிட்டு எழுத்தை வாசிக்கிறனாங்கள். சனம் என்ன நினைக்கும் எண்டு பயம்." குழாயை மூடினார். "நிப்பாட்ட மனம் வரேல்லை பிள்ளை. தங்கச்சி…"

நான் அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டேன். கோயிலில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை புதுத் தொலைக்காட்சி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை நாளை மாற்றிக் கிடைத்த லீவு. வழக்கமான நேரத்துக்கு மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்தோம். புதுக் கிராமம், புதுப் பிணம். துப்பறிகிறவர் ஒரு கிழவியிடம் அன்றைக்கு எங்கே நின்றாய் என்று கேட்க வாயெடுத்தார். அதற்கு அரை நொடி முன்னால், அதே கேள்வி அதே குரலில் பக்கத்துச் சுவரிலிருந்து வந்தது. அவர்களின் பழைய பெட்டியில் எங்களுடையதைவிட முந்தி வருகிறது போலிருக்கிறது. ஒவ்வொரு வசனமும் இரண்டு தரம் கேட்டது.

அக்காவின் தங்கையைப் பற்றி அதுவரை ஒரு செய்தியும் இல்லை.

"சரியான சத்தமாய்க் கிடக்கு. போய்க் குறைக்கச் சொல்லட்டே?" என்று கணவர் எழும்பினார்.

"இருங்கோ," என்றேன். "ஓடட்டும்."