ஒல்லி டயரும் சித்தியின் பாதிப் பேச்சும்

என் சித்தப்பா ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறார். அந்த வேலையில் ஒரு நூலளவு கூடினாலும் புத்தகம் கோணலாகிவிடும். அதனால், கூடுதலாக இருப்பது எதுவானாலும் நறுக்கிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கையாகிவிட்டது. ரொட்டியின் ஓரத்தை நறுக்குவார். நாட்காட்டியின் வெள்ளை ஓரத்தை நறுக்குவார். மீசையை நறுக்கி நறுக்கி, மூக்குக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டதுபோல ஆக்கிவிட்டார். அடுத்தவர் பேச்சை நறுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடித்துவைப்பது அவர்தான், பெரும்பாலும் தவறாக.

அப்படிப்பட்டவர் கண்ணில் ஒருநாள் தன் சைக்கிளின் டயர் பட்டது.

அது பட்டையான டயர். காற்றைச் சற்று இளக்கமாகத்தான் வைத்திருந்தார். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும். பள்ளத்தில் இறங்கினால் சலித்துக்கொண்டே ஏறிவிடும். கேரியரில் பழைய தலையணை ஒன்றை மடித்துக் கட்டியிருக்கும். சித்தி அதில் உட்கார்ந்து போவார். சித்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தினமும் காலையில் அவரை அங்கே இறக்கிவிட்டுத்தான் சித்தப்பா அச்சகம் போவார்.

அந்தப் பயணம் எவ்வளவு முக்கியம் என்று புரிய வேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டே அறைகள். ஒன்றில் நாங்கள். மற்றதை ஒரு மர அலமாரியை நிறுத்திப் பிரித்து, இந்தப் பக்கம் சமையல், அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் என் அம்மா வெந்நீர் வைத்துவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச அவர்களுக்கு இருந்த ஒரே இடம் அந்தச் சைக்கிள்தான்.

சைக்கிள் கடைக்காரரிடம் பந்தயச் சக்கரங்கள் ஒரு ஜோடி விற்காமல் தொங்கிக்கொண்டிருந்தன. மெல்லிய ரிம், குறைவான கம்பிகள், விரல் தடிமனில் டயர். “பட்டையா இருந்தா ரோட்டை ஒட்டிக்கும், ஒல்லியா இருந்தா வழுக்கிட்டுப் போகும், அப்படித்தானே?” என்று கேள்வியையும் பதிலையும் சித்தப்பாவே சொல்லிவிட்டார். கடைக்காரர் தலையாட்டும் வேலையை மட்டும் செய்தார். சக்கரங்கள் மாறின. பிறகு காலையிலும் மாலையிலும் வாசலில் நின்று காற்றடித்தார். டயரைத் தட்டினால் மேசையைத் தட்டுவதுபோலச் சத்தம் வந்தது. தெருவில் அவருக்குப் ‘பம்பு’ என்று பெயர் விழுந்தது.

வழவழப்பான சாலையில் அந்தச் சக்கரம் நன்றாகவே ஓடும். ஆனால் எங்கள் தெரு, குழாய் பதிக்கத் தோண்டி, மூடி, உள்ளே எதையோ மறந்துவிட்டோம் என்று மறுபடியும் தோண்டிய தெரு. பட்டை டயருக்குள் இருக்கும் காற்றுதான் மெத்தை. சின்னக் கல்லை டயரே விழுங்கிக்கொள்ளும். ஒல்லி டயரில் காற்றைக் கல்லாக அடித்துவிட்டால், ஒவ்வொரு சரளையும் நேராக முதுகெலும்பில் வந்து கதவைத் தட்டும். உடம்பெல்லாம் அதிர்வதால் வேகமாகப் போவதுபோலத் தோன்றும். சித்தப்பா ஏமாந்தது அங்கேதான். முன்பு போய்ச் சேர்ந்த நேரத்துக்குத்தான் இப்போதும் அச்சகம் போய்ச் சேர்ந்தார். வியர்வைதான் அவருக்கு முன்னால் போயிருக்கும்.

“ரோடே நம்ம கையில பேசுது” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். ரோடு பேசியது உண்மைதான். சித்தியால்தான் பேச முடியவில்லை.

சித்திக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. கண்ணாடிக் கடையின் மாடியில் ஓர் அறை காலியாகியிருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கடை முதலாளியம்மா சொல்லியிருந்தார். இதை வீட்டில் பேச முடியாது. சித்தப்பா சரி என்பதற்கு முன்பே அம்மா காதில் விழுந்தால் தனிக்குடித்தனம், மனஸ்தாபம் என்று விடிய விடிய நடக்கும். ஆகவே சைக்கிளில்தான் சொல்லியாக வேண்டும்.

திங்கட்கிழமை சித்தி, “என்னங்க, கடை மாடியில” என்று ஆரம்பித்தார். சக்கரம் ஒரு கல்லில் குதித்தது. நாக்கு பல்லில் கடிபட்டது. மீதியைச் சித்தப்பா முடித்துவைத்தார்: “மாடியில பறக்கிற மாதிரி இருக்குல்ல?” மறுநாள் சித்தி கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் வேகம் கெட்டுவிடும் என்று பதில் வந்தது. அதற்கடுத்த நாட்களில் சித்தி இரண்டு கைகளாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி போனார். சித்தப்பா வீட்டுக்கு வந்து, “வேகத்துல அவளுக்குப் பேச்சே வரல” என்று என் அப்பாவிடம் பெருமையடித்தார்.

சனிக்கிழமை காலை, தெருமுனை வளைவில், மழைநீர்க் கால்வாயை மூடிய கம்பி மூடி ஒன்று இருந்தது. பட்டை டயர் வருஷக்கணக்காக அதன்மேல் ஏறிப் போயிருக்கிறது. அதுவரை எப்படியோ தப்பிவந்த ஒல்லி டயர் அன்று, அளந்து வெட்டிய காகிதம் உறைக்குள் நுழைவதுபோல இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கியது. சக்கரம் நின்றது. சித்தப்பா நிற்கவில்லை, ஹேண்டில்பாரைத் தாண்டிப் போனார். சித்தி தலையணையோடு தரையில் உட்கார்ந்தார்.

சித்தப்பா எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லவும் ஒரு மீசை வேண்டுமே. அதனால் மூடி போட்டவனைத் திட்டினார், அளவு தெரியாதவன் என்று.

சித்தி தரையைத் தொட்டுப் பார்த்தார். “ஆடல, குலுங்கல. இப்ப நான் பேசலாமா?”

“மொதல்ல அந்தச் சக்கரத்த...”

“என் பேச்ச நானே முடிச்சுக்கறேன். கடை மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. நமக்குன்னு ஒரு கதவு. இன்னிக்குள்ள பதில் சொல்லணும்.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“திங்கட்கிழமையிலேர்ந்து சொல்லிட்டுத்தான் வரேன். உங்க டயர் விடல.”

சித்தப்பா கோணிப்போன சக்கரத்தைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். “கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப எந்திரி, நடந்தே போயிடலாம்.”

அறை கிடைத்தது. அம்மா கொஞ்சநாள் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் அலமாரியைச் சுவரோடு தள்ளிவிட்டு, இடம் தாராளமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சித்தி இப்போது படியிறங்கினால் வேலை. சைக்கிளில் போக வேண்டிய அவசியமே இல்லை. கேரியர் காலியான பிறகுதான் சித்தப்பா பழைய பட்டை டயர்ச் சக்கரங்களை மறுபடி மாட்டினார். “ஒல்லி டயரா? புத்தியுள்ளவன் போடுவானா?” என்று அதே கடைக்காரரிடம் கேட்டார். அவர் அதற்கும் தலையாட்டினார்.

சாயங்காலமானால் சித்தப்பா கடைவாசலில் நின்று, டயரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டி, மாடி ஜன்னலைப் பார்த்துக் கூப்பிடுகிறார். “ஒரு சுத்து போயிட்டு வரலாமா?”

“வரேன். ஆனா வழி முழுக்க நான்தான் பேசுவேன்.”

“அதுக்குத்தானே” என்று ஆரம்பித்த சித்தப்பா, மீதியைத் தானே நறுக்கிக்கொண்டு தலையணையைக் கட்டினார்.