சம்புடத்தில் தங்கிய விருந்தாளி

தொண்ணூற்றேழாம் வருஷம், ஜூலை மாதத் தொடக்கம். உத்திரமேரூர் தாலுகாவில் காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் காலனியிலிருந்து ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் வாளியோடு கிளம்பி, சென்னையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. முதலாமாண்டு சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் பிளஸ் டூ பாஸ் செய்த முதல் பெண் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. இரண்டே வாரத்தில் அதில் பாதி கரைந்துவிட்டது.

பின்னே என்ன? வகுப்பில் நடத்துவது அத்தனையும் இங்கிலீஷ். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயர் மட்டும்தான் எனக்குப் புரியும். ஹாஸ்டலில் எல்லாவற்றுக்கும் மணி. எழுந்திருக்க மணி, ஜெபத்துக்கு மணி, சாப்பிட மணி, படிக்க மணி. வாரத்தில் நாலு நாள் உப்புமா, அதிலும் ரவையைத் தேடினால் கறிவேப்பிலைதான் கிடைக்கும். நான் வாயைத் திறந்து "இன்னா", "கீது" என்றால் போதும், மெட்ராஸ் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இத்தனைக்கும் அவர்கள் தெரு முனையில் காய்கறிக்காரம்மா பேசுவதும் அதே பேச்சுதான். ஒருநாள் கோபத்தில் அதை அவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டும் விட்டேன். அதிலிருந்து யாரும் என் பக்கம் வருவதில்லை.

ஒருத்தி மட்டும் வந்தாள். என் அறைத்தோழி. தூத்துக்குடியில் கடலுக்குப் போகிற குடும்பம், வழிவழியாக வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அவள் "ஏட்டி" என்று கூப்பிட்டாலும் அந்தப் பெண்கள் சிரித்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து ஊரே சிரித்ததால் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம், அவ்வளவுதான். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைப்பது, ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாயைப் பங்கு போடுவது, பரீட்சை பயத்தில் ஒன்றாக அழுவது என்று எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தோம். அவள் சாப்பலுக்குப் போய் முட்டி போட்டால் பக்கத்தில் இடியே விழுந்தாலும் தெரியாது.

அந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, புது மாணவிகளுக்காகச் சாப்பலில் ஒரு பூசை வைத்தார்கள். எந்த மதமாக இருந்தாலும் முதலாமாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் வரவேண்டும். என் தோழி பாட்டுக் குழுவோடு மேலே மாடியில் நின்றுவிட்டாள். நான் கீழே தனியாக உட்கார்ந்திருந்தேன். பாதியில் மைக்கில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். எனக்கு முன்னால் இருந்த வரிசை எழுந்து போனது, நானும் எழுந்து பின்னாலேயே போய்விட்டேன். முன்னே நின்றவர்கள் நாக்கை நீட்டி வாங்கினார்கள். எனக்கு அது தெரியுமா? கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி இடது கைமேல் வலது கையைக் குவித்து நீட்டினேன். வயதான பாதர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளையாக, வட்டமாக, அப்பளத்துண்டு போல ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரல் என் கையில் பட்டது.

இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்க் கோயிலில் எங்கள் தெருக்காரர்களுக்கு விபூதி மேலேயிருந்துதான் விழும். கை பட்டுவிடக் கூடாது என்று ஒரு முழம் மேலே நிறுத்திப் போடுவார்கள். பாதி காற்றில் போய்விடும். மீதி கையில் விழுந்ததை என் அம்மா நெற்றியில் வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகையை முந்தானையில் முடிந்து எங்களுக்குக் கொண்டுவருவாள். எந்தக் கோயில் பிரசாதமும் எங்கள் வீட்டில் தனியாகத் தின்றது கிடையாது. நான் காலேஜுக்குக் கிளம்பும்போதும் அம்மா அதைத்தான் சொல்லி அனுப்பினாள். உனக்கு இடம் கொடுத்த சாமி ஆச்சே, அங்கே ஏதாவது கொடுத்தால் எனக்கும் கொண்டு வா என்றாள்.

ஆகவே நான் அதை வாயில் போடவில்லை. புதுக் கர்ச்சீப்பில் வைத்து மடித்து, நோட்டுக்குள் பத்திரப்படுத்தி, அன்று சாயங்காலமே வாரக் கடைசி லீவுக்கு ஊருக்குப் பஸ் ஏறினேன். அம்மாவிடம் கொடுத்து, பாதர் விரல் என் கையில் பட்டதையும் சொன்னேன். அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சம்புடத்தை எடுத்துத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணி விரித்து, அதை உள்ளே வைத்து மூடி, விளக்கு மாடத்தில் வைத்தாள். நைனா கிணறு வெட்டுகிற கோஷ்டியோடு வெளியூர் போயிருந்தார், ஆடி பிறந்ததும் வருவார். அவர் வந்ததும் நாலு பேருமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. என் தோழி பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் தலை சீவிக்கொண்டே, அவங்க வெள்ளையா ஒண்ணு குடுப்பாங்களே, எனக்கு இன்னொண்ணு வாங்கியாந்து குடேன், எங்க வூட்ல நாலு பேரு கீறோம், நான் எடுத்துக்கினு போனது பத்தாது என்றேன்.

அவள் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கட்டிலில் விழுந்தது. என்ன சொன்னாய், என்ன சொன்னாய் என்று இரண்டு தடவை கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அது பிரசாதம் இல்லட்டி," என்றாள். "அது அவரேதான்."

எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது. பூசையில் அந்த அப்பம் ஏசுவாகவே மாறிவிடுகிறதாம். வாங்கிய இடத்திலேயே உட்கொள்ள வேண்டும், வேதக்காரர் அல்லாதவர்கள் வாங்கவே கூடாது, அதைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோவது எவ்வளவு பெரிய பாவம் என்றெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள். சிஸ்டரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றாள். எனக்கு வந்ததே கோபம். நீ போய்ச் சொன்னால் நான் மூட்டை கட்டவேண்டியதுதான், அப்புறம் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண்ணையும் யாரும் படிக்க அனுப்பமாட்டார்கள் என்று கத்தினேன். அவள் சிஸ்டரிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை, சாப்பலிலேயே கிடந்தாள். மறுநாள் காலையிலும் தட்டைத் தொடவில்லை.

சே, இந்தப் பொண்ணு எனக்காகப் பட்டினி கிடக்கிறாளே என்று மனசு கேட்கவில்லை. நானே வார்டன் சிஸ்டர் அறைக்குப் போய்விட்டேன்.

வார்டன் சிஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். அறுபது வயதிருக்கும். நடந்தால் சத்தமே வராது. நாம் ரகசியம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். அவரைக் கண்டால் சீனியர் அக்காக்களே தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். நான் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அம்மா அதை எங்கே வைத்திருக்கிறார், அப்பா எப்போது வருகிறார், இந்த இரண்டு கேள்விதான் கேட்டார். இன்னும் மூன்று நாலு நாளில் வந்துவிடுவார் என்றேன். உடனே யாரோ பாதருக்கு போன் செய்து பேசினார். ஒன்பது மணிக்கு கேட்டுக்கு வா, உன் ரூம்மேட்டையும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

மூன்று பேரும் எங்கள் ஊருக்குக் கிளம்பி, காஞ்சிபுரம் போய் பஸ் மாறினோம். ஓரிக்கை தாண்டி பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. அதுவரை ஹாஸ்டலை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். அப்போதுதான் வேறொன்று உறைத்தது. இவர்கள் என் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் என்ன சொல்லப்போகிறார்கள்? இது உங்களுக்கு இல்லை, திருப்பிக் கொடுங்கள் என்றுதானே? ஆயுசு முழுக்க அம்மா கேட்டு வந்த பேச்சு அது. ஒரே ஒரு தடவை ஒரு சாமி எங்கள் கையைத் தொட்டுக் கொடுத்தது என்று அவள் சந்தோஷப்பட்டாள். அதையும் நானே ஆள் கூட்டிக்கொண்டு போய்ப் பிடுங்கப்போகிறேன். என்னை ஹாஸ்டலை விட்டு அனுப்பியிருந்தால்கூட இதைவிட மேல் என்று தோன்றியது.

அம்மா வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அழைத்து வந்தேன். வெள்ளை உடுப்பில் சிஸ்டர் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மண் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தபடி, "இன்னா பண்ட்ச்சி சிஸ்டரம்மா எம் பொண்ணு?" என்றாள்.

சிஸ்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணும் பண்ணலம்மா. உங்க வீட்ல ஒருத்தர் வந்து தங்கியிருக்கார்னு சொன்னா. பார்க்க வந்தோம்."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தினம் இரண்டு வேளையும் விளக்கு வைப்பதாகச் சொன்னாள். அந்தப் பத்து நாளாக வீட்டில் கருவாடு சமைக்கவில்லை, என் தங்கச்சி ஒரே புலம்பல் என்றாள். கை கால் கழுவாமல் யாரையும் மாடத்துப் பக்கம் விடுவதில்லை என்றாள். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, எங்கள் கூரை வீட்டுக்குள் குனிந்து நுழைந்தார். மாடத்தைப் பார்த்ததும் சாணி மெழுகிய அந்தத் தரையில் முட்டி போட்டார். பின்னாலேயே என் தோழியும் முட்டி போட்டாள். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ, எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் அவர்களைப் பார்த்து மெதுவாகக் கீழே உட்கார்ந்து கை கூப்பினாள்.

சிஸ்டர் எழுந்து சம்புடத்தைத் திறந்தார். ஒரு விள்ளல்கூட உதிராமல் அப்படியே இருந்தது. அம்மாவைப் பார்த்து, எங்கள் வழக்கப்படி இதை நாங்கள் இங்கேயே உட்கொள்ள வேண்டும் அம்மா, தப்பாக நினைக்காதீர்கள் என்றார்.

நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்தது. அம்மாவின் முகம் சுருங்கியது. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, மெல்லக் கேட்டாள்.

"எங்க வூட்ல இருக்கக் கூடாதா சிஸ்டரம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் தோழி சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களை அப்படி மிரட்டும் அந்த வார்டனுக்கா என்று எனக்கு ஆச்சரியம்.

"நீங்க வெச்சிருந்த மாதிரி நாங்க யாரும் வெச்சிருந்ததில்லம்மா," என்றார்.

அப்புறம் அதை இரண்டாக விண்டு, ஒரு பாதியை என் தோழிக்குக் கொடுத்து, மறு பாதியைத் தான் உட்கொண்டார். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அசையவில்லை, என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீரை ஊர்த் தெருக்காரர்கள் யாரும் குடித்து நாங்கள் பார்த்ததில்லை. நான்தான் செம்பில் மொண்டு கொண்டுவந்தேன். சிஸ்டர் அந்தச் சம்புடத்தில் தண்ணீர் ஊற்றி, அலசி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். மறுபடி ஊற்றி அலசி, அதையும் குடித்தார். பிறகு செம்பை எடுத்து, மீதித் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, வெயில் கொளுத்துகிறது, இன்னும் கொஞ்சம் கொடுங்கள் அம்மா என்றார். இந்தத் தடவை அம்மாவே எழுந்து ஓடினாள். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சிஸ்டர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாப்பிடாமல் விடவில்லை அம்மா. பானையில் கேழ்வரகுக் கூழ் இருந்தது. கடித்துக்கொள்ள வெங்காயமும் பச்சை மிளகாயும். முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்த என் தோழி மூன்று செம்பு குடித்தாள். சிஸ்டர் ஒரு மிளகாயைக் கடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நாளையிலிருந்து தங்கச்சிக்குக் கருவாடு ஆக்கிக் கொடுங்கள் என்றார். அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோழியிடம் கேட்டேன், சம்புடத்தை அலசிக் குடித்தது எங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்தத்தானே என்று. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். இல்லை, அது வைத்திருந்த பாத்திரத்தை அலசிக் குடிப்பது எங்கள் சட்டம், துகள்கூட வீணாகக் கூடாது என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவள் என் தொடையில் தட்டினாள்.

"ரெண்டு தடவ அலசுனதுதாம்ட்டி சட்டம். அப்புறம் செம்ப எடுத்துக் குடிச்சதெல்லாம் தாகம்."

நான் மூன்று வருஷமும் அதே ஹாஸ்டலில் இருந்து படித்து முடித்தேன். இந்த விஷயத்தைப் பற்றி சிஸ்டர் ஒரு வார்த்தை யாரிடமும் பேசவில்லை, என்னிடமும்தான். உப்புமா கடைசிவரை அப்படியேதான் இருந்தது. ஆடி பிறந்து நைனா வீட்டுக்கு வந்ததும் அம்மா அவரிடம் சொன்னாளாம்: "சாமி பூட்ச்சி. ஆனா அத்த கூட்டிக்கினு போவ வந்தவங்க நம்ம வூட்ல தண்ணி குட்ச்சிட்டுப் போனாங்க."

அந்தச் சம்புடம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் இதுவரை எதையும் போட்டு வைத்ததில்லை. என் வீட்டு வாசல் ஏறி யார் வந்தாலும், பால்காரரோ கேஸ் கொண்டுவருகிறவரோ, முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பேன். அவர்கள் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை, அன்று என் அம்மா நின்ற மாதிரியே, அந்த இடத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.