தேசம்மா வட்டமிட்ட கண்ணாடித் தகடு

செய்தி வந்தபோது நான் ஆய்வறிக்கையின் அட்டையில் எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தேன். என் பெயர் முடிந்திருந்தது. "தேசம்மா காத்தால போய்ட்டாளாம்டி. காய்ச்சல் எறங்கவே இல்லயாம்" என்று வகுப்புத் தோழி சுமதி ஆய்வக வாசலில் நின்று சொன்னாள். "சரி" என்றேன். பிறகு தேசம்மாவின் பெயரையும் அதே அளவு எழுத்தில் எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

பள்ளி மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவள். நான் காட்டூர். பிளஸ் ஒன்னில் எங்கள் இருவருக்கும் ஒரே நுண்ணோக்கி. காட்டூரின் நல்ல தண்ணீர் ஏரியில் கற்களைப் பழைய பல் பிரஷால் தேய்த்து, டயாட்டம் என்னும் ஒரு செல் பாசிகளைச் சேகரித்தோம். அவற்றுக்குக் கண்ணாடி போன்ற ஓடு உண்டு. ஓட்டில் உள்ள கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகம் கிடைத்தவை ஒரு முனை அகன்று மறுமுனை குறுகி, கர்லாக்கட்டை போல இருந்தன. எல்லாம் ஒரே இனம் என்றேன் நான்.

"இது வேற, அது வேறடி" என்றாள் அவள்.

"இன்னா வேற? நீளம் ஒண்ணு, கோடு ஒண்ணு."

"நடுவுல இன்னாவோ கீது. வருது, போவுது."

"தூசியா இருக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடும் அவள் அம்மாவோடும் இறால் பிடிக்கப் போனேன். பெண்கள் பறி என்னும் பனையோலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, மண்டியிட்டு நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவினார்கள். விரலில் ஏதோ பட்டது. சட்டென்று பிடித்தேன். நண்டு. அவள் அம்மா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "புஸ்தகப் பொண்ணு வெரலப் பாருடி, சோறு துன்ன மிஞ்சுமா?" என்று சிரித்தார். தேசம்மா சிரிக்கவில்லை. "தொட்டதும் கைய மூடாத. இன்னான்னு மொதல்ல வெரலுக்குத் தெரியட்டும்" என்றாள்.

கடைசி வெள்ளிக்கிழமை, அறிக்கையில் "ஒரே இனம்" என்று மையால் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். மறுவாரம் அதை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும்.

"நான் இன்னும் பாக்கல" என்றாள்.

"நூறு தடவ பாத்தாச்சு!"

"நீ பாத்த. நான் பாக்கல."

"உன்னாலதான் நம்ம பேரு கண்காட்சிப் பட்டியல்ல வராமப் போவப்போவுது" என்றேன். அவள் சுமதியிடம் திரும்பி, "நெயில் பாலிஷ் வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். என்னிடம் பேசாமலிருக்கத்தான் அப்படிக் கேட்கிறாள் என்று நினைத்து, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பந்தலின் மூங்கில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, "அந்த மிசின்ல எம் பொண்ணு தெனம் இன்னாத்தம்மா பாத்தா?" என்று கேட்டார். "பாசிம்மா" என்றேன்.

மூன்று நாள் கழித்து, பாசியை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகளின் பெட்டியைத் திறந்தேன். மேலிருந்த தகட்டில் நெயில் பாலிஷால் ஒரு சின்னச் சிவப்பு வட்டம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "இங்க பாரு. மெதுவா திருப்பு."

வட்டத்துக்குள் இரண்டு டயாட்டம்கள் அருகருகே கிடந்தன. நுண்ணோக்கியில் காட்சியைத் தெளிவாக்கும் நுண்திருகை மயிரிழை அளவு திருப்பினேன். ஒன்றின் நடுவே, ஒரு பக்கமாக, ஒற்றைப் புள்ளி தெரிந்தது. இன்னும் திருப்பினால் மறைந்தது, பின்னால் திருப்பினால் வந்தது. மற்றொன்றில் எப்படித் திருப்பியும் புள்ளி இல்லை. அந்தப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் இனம் பிரிக்க வேண்டும் என்று புத்தகத்தில் அடிக்கோடிட்டு வைத்திருந்தவள் நான். கண்டுபிடித்தவள் அவள்.

"ஒரே இனம்" என்பதை அடித்துவிட்டு "இரண்டு இனங்கள்" என்று எழுதினேன். அவள் கையெழுத்துக்கு விட்ட இடத்தில் அந்தச் சீட்டை ஒட்டினேன். டீச்சர் வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்படியே அனுப்பினார்.

தகட்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். வரும் சனிக்கிழமை அவள் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் விரலை நுண்திருகின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். புள்ளி எங்கே என்று சொல்ல மாட்டேன்.