ஞாயிற்றுக்கிழமை வயிறு

சுவிஸ் ரயிலில் ஏறுகிறவர்கள் ஏரி தெரியும் பக்கமாக இருக்கை தேடுவார்கள். நான் கழிவறை உள்ள பெட்டியைத் தேடுவேன். கடைத்தெருவிலும் அப்படித்தான். எந்தக் கடையில் கேட்டால் கழிவறைப் பூட்டின் திறப்பைத் தருவார்கள், எங்கே முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மட்டக்களப்பில் இருந்தவரை கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று என்னைக் கேலி செய்வார்கள். இங்கே வந்த பிறகு அது என்னைக் கைவிட்டுவிட்டது.

குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், குடலில் புண் எதுவும் இல்லை என்றார். பிறகு, "ஸ்ட்ரெஸ்?" என்று கேட்டார். இல்லை என்றேன். உணவகச் சமையலறையில் வேலை, முதலாளி நல்ல மனிதர். எப்போது வலி அதிகம் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "அன்று விடுமுறையல்லவா!" என்று சிரித்தார். மனம் இறுகினால் குடலும் இறுகும், இது கற்பனையல்ல, உண்மையான வலி என்று பொறுமையாக விளக்கிவிட்டு, ஞாயிறுகளில் ஏரிக்கரையில் நடக்கச் சொன்னார். அன்றுதான் அம்மாவின் அழைப்பு வரும் என்று நான் சொல்லவில்லை.

சுனாமி அப்பாவைக் கொண்டுபோனது. சில நாட்களில் வாவியோரக் கண்டல் மரங்களுக்குள் உடல் கிடைத்தது. அழுதோம், அடக்கம் செய்தோம், முப்பத்தோராம் நாள் அவருக்குப் பிடித்த இறால் கறியையும் சோற்றையும் வாழையிலையில் படைத்தோம். தம்பிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவன் வன்னிக்குத் தானாகப் போனானா, இயக்கத்தார் கொண்டுபோனார்களா என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்திறக்காத கதை. போர் முடிகிற மாதங்களில் யாருடையதோ தொலைபேசியிலிருந்து அம்மாவை அழைத்தான். கதைத்துக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்துவிட்டான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் போர் முடிந்த மே மாதம் நெருங்கும்போது வெல்லாவெளி ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, அவனுக்கும் படைத்துவிடு என்று அம்மாவை நெருக்குவார்கள். எங்கள் பக்கத்தில் உயிரோடிருப்பவனுக்குப் படைப்பது அவனைக் கொல்வதற்குச் சமம். இறந்தவனுக்குப் படைக்காவிட்டாலோ அவன் பசியோடு அலைவான். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அம்மா மாய்கிறார்.

போன ஞாயிறு நேராகவே கேட்டுவிட்டார்.

"ஆக்கள் விடுறாங்க இல்ல மனே. சின்னவனுக்குப் படைக்கிறதா, வேணாமா? நீதானே மூத்தவன். நீ சொன்னாச் செய்யிறன்."

"அம்மா..." என்றேன். படையுங்கள் என்றால் தம்பியை என் வாயாலேயே கொன்றவனாவேன். வேண்டாம் என்றால் அம்மாவைச் சாகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க விட்டவனாவேன். அடிவயிற்றை முறுக்கிப் பிழிந்தது. ஸ்பீக்கரில் இருந்த தொலைபேசியை மேசையிலேயே போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். பெற்றவள் கேட்ட கேள்விக்கு முன்னால் இப்படி ஓடுகிறேனே என்று வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

"மனே... நிக்கிறியா? கதைக்கிறது கேக்குதா? ஐயோ, இவன்ட லைனும் அறுந்திட்டா?"

குரல் உடைந்துகொண்டிருந்தது. எழுந்து போக வயிறு விடவில்லை. "இருக்கிறன்மா! இங்கதான் இருக்கிறன்!" என்று உள்ளிருந்து கத்தினேன். மேசையிலிருந்த தொலைபேசிக்கு அது எட்டவில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தம்பியைக் கூப்பிடுவதுபோலவே, அம்மா என்னையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.